அப்பத்தாவின் இரண்டு கேன் தண்ணீர்

கடந்த ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். எங்கள் அம்மா, மனைவி, தங்கை, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு மகன், எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கை மகன் என்று மொத்தம் ஏழு பேர். சிவகாசியில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் தென்காசி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர்தான். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற குற்றாலத்தை எங்கள் அம்மா எழுபது வயது தாண்டும்வரை பார்த்ததில்லை.

அம்மா ஊர் ஊராகப் போகாதவர் அல்ல. பருத்தி எடுக்க, மிளகாய்ப் பழம் பறிக்க, கடலை ஆய எத்தனையோ ஊர்களுக்கு நடந்தே போயிருக்கிறார். பிறகு முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினார். விடிவதற்குள் தெருமுனைக்கு வரும் ஆபீஸ் வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார். மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவோடு பல தடவை போயிருக்கிறார். ஒரு வழக்கு விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் அலைந்திருக்கிறார். போன இடமெல்லாம் வேலைக்கு, வைத்தியத்துக்கு, வாய்தாவுக்கு. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் எங்கும் போனதில்லை. "சும்மா போறதுக்கு யாரு காசு கொடுப்பா?" என்பார்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவே அம்மா புளிச்சோறு கிண்டிவிட்டார். கானத்துவையல் அரைத்து, முட்டை அவித்து எல்லாம் பைக்குள் போயிற்று. அதற்குப் பிறகு ஐந்து லிட்டர் கேன் இரண்டை எடுத்து, கழுவி, தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அப்பத்தா, ரயில்லயே பாட்டில் தண்ணி விக்கும்."

"அம்மாச்சி, நாம அருவிக்குத்தான போறோம். அங்க தண்ணி இல்லையா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கேனை விடவும் இல்லை. பத்து லிட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அருவி பார்க்கப் போன குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

ரயிலில் ஒரு கேள்வி

ரயிலில் நல்ல கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேற்கே மலை கூடவே வந்தது. ராஜபாளையத்தில் ஓர் அம்மாள் தன் பேத்தியோடு ஏறி எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நான்கு வயதிருக்கும் அந்தக் குழந்தைக்கு. வண்டி கிளம்பியதுமே தண்ணீர் வேண்டும் என்று அழ ஆரம்பித்தது. அவசரத்தில் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்களாம்.

அம்மா கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குழந்தை குடித்தது. இன்னொரு டம்ளரும் குடித்தது. அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். பேச்சு ஆரம்பித்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரப்பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். சங்கரன்கோவில் வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்தது.

"எந்த ஊருக்கா நீங்க?"

அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அந்த ஊரா? எங்க சம்பந்தி வீடு அங்கதான இருக்கு. நீங்க எந்தத் தெரு? ஊருக்குள்ளயா, அங்கிட்டா?"

நம் மக்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். யாரும் சாதியைக் கேட்பதில்லை, தெருவைத்தான் கேட்பார்கள். அம்மா ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு, "ஊருக்குள்ளதான்" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் திரும்பினாள். "இல்ல அப்பத்தா, நாம காலனிதான?" என்றாள். அவள் குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அப்பத்தா தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துத் திருத்தினாள்.

அந்த அம்மாளின் முகம் கோணவில்லை, வசைச்சொல்லும் வரவில்லை. பேச்சுதான் நின்றுபோனது. பையிலிருந்து எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். சற்று நேரம் கழித்து அம்மா, "நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று டம்ளரை நீட்டினார். "வேணாம், தாகமில்ல" என்றார் அவர். குழந்தை மட்டும் கடையநல்லூர் வருவதற்குள் இன்னொரு தடவை கேட்டுக் குடித்தது. பாட்டி தடுக்கவில்லை. கடையநல்லூரில் இறங்கும்போது குழந்தை எங்கள் மகனுக்குக் கையசைத்தது. பாட்டி திரும்பிப் பார்க்காமல் போனார்.

இதில் எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேடைகளில் பேசுகிறோம். கூட்டம் நடத்துகிறோம். இந்தப் பத்தியில் எழுதுகிறோம். அன்றைக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா "ஊருக்குள்ளதான்" என்றபோதும் சும்மா இருந்தோம். மகள் "காலனிதான" என்றபோதும் சும்மா இருந்தோம். பதினொரு வயதுப் பிள்ளை சாதாரணமாகச் சொன்ன ஒன்றைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மலையைப் பார்ப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

"இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா போகுது?"

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் வரிசை நீளம். அம்மா முதலில் மாட்டேன் என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா போகுது?" என்று கேட்டார்.

அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் ஊர்க் கிணற்றில் நம் மக்கள் வாளி இறக்க முடியாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரைக்கிறவர்களில் மனசு வந்தவர் யாராவது ஊற்றுவார்கள். வெயில் ஏறுகிறவரை நின்று வெறும் குடத்தோடு திரும்பிய நாட்களும் உண்டு. அப்படி நின்றவருக்கு, கேட்பாரில்லாமல் கொட்டுகிற தண்ணீர் முதலில் வீணாகத்தான் தெரிந்தது.

மகளும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அம்மா சேலையெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "முதுகுல அடிக்குதுடா, வலியெல்லாம் போயிருச்சு" என்று சிரித்தார். அதன் பிறகு ஐந்தருவிக்கும் அவரே முன்னால் நடந்தார்.

ஐந்தருவிப் பக்கம் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மகள் கேட்டாள்: "அப்பத்தா, ரயில்ல ஏன் அப்படிச் சொன்ன?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஊரு பாக்கப் போற அன்னைக்கு எதுக்குத்தா அதெல்லாம்? தெரிஞ்சா அந்தம்மா மூஞ்சி மாறும். அதப் பாத்து ஒங்க மூஞ்சி வாடும். அதான்."

பிறகு, கேன் விஷயத்தையும் அவரே சொன்னார். ஏழெட்டு வயதில் தன் அய்யாவோடு வேறு ஊருக்கு மிளகாய் பறிக்க நடந்து போனார்களாம். வழியில் தாகம். ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். அங்கே நம் ஆட்களுக்குச் சிரட்டைதான். அந்தச் சிரட்டையும் அன்றைக்குக் காணோமாம். கையை ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். சின்னக் கையில் எவ்வளவு நிற்கும்? பாதி தரையில் போயிற்று. இன்னொரு தடவை கேட்டதற்குக் கடைக்காரர் அய்யாவை வைத வசவை அம்மா எங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. "அன்னையிலருந்து எங்க போனாலும் தண்ணி கொண்டுட்டுத்தான் போவேன்" என்று முடித்துக்கொண்டார்.

சோறு இருந்தது, தண்ணீர் இல்லை

திரும்பி வருகிற வண்டியில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய பயணக் கதை சொன்னோம். 1901-ஆம் ஆண்டு நடந்தது. மராட்டிய நாட்டில் சதாராவில் தாயில்லாப் பிள்ளைகள் சிலர் அத்தையின் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா கோரேகாவ் என்ற இடத்தில் காசாளர் வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்குத் தன்னிடம் வரும்படி மகன்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதினார். பிள்ளைகள் அதுவரை ரயிலே பார்த்ததில்லை. புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கினார்கள். அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அழைத்துப்போக அப்பா வரவில்லை; அவர் ஆளையும் அனுப்பவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நல்ல உடுப்போடு நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். நீங்கள் யார் என்று கேட்டதும் ஒரு சிறுவன் யோசிக்காமல் "நாங்கள் மகர்கள்" என்றான். அவர் முகம் மாறிவிட்டது. விலகிப் போய்விட்டார். தீண்டத்தகாத பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள எந்த மாட்டுவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகைக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. இரவில் சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்டார்கள்; கிடைக்கவில்லை. கையில் வேண்டிய சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாததால் சாப்பிட முடியவில்லை. பசியோடு படுத்தார்கள். மறுநாள்தான் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தச் சிறுவன் பீமராவ். ஒன்பது வயதில் நடந்த இந்தப் பயணத்தைப் பின்னாளில் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலில் அண்ணல் அம்பேத்கரே எழுதினார். அந்த நிகழ்ச்சி தன் வாழ்க்கையில் முக்கியமான இடம் பெற்றதாகச் சொல்கிறார்.

கதை முடிந்ததும் தங்கை மகன், "அவங்க அப்பா ஏன் வரல மாமா?" என்று கேட்டான். பிள்ளைகள் வருகிற செய்தி கடிதத்தில் இருந்தது, அதை வேலையாள் அவரிடம் கொடுக்க மறந்துவிட்டார் என்றோம். மகள், "அந்த ஸ்டேஷன் மாஸ்டரும் தெருவத்தான் கேட்டாரா?" என்றாள். இரண்டாம் வகுப்புக்காரன்தான் கடைசியாகக் கேட்டான்: "அவங்ககிட்ட ஒரு கேன்கூட இல்லையா?"

அம்மா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவரான பிறகும் அம்பேத்கரை இது விடவில்லை. 1934-இல் அவரும் இயக்கத் தோழர்கள் முப்பது பேரளவிலும் எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போனார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டையில் குளத்துத் தண்ணீரில் முகம் கை கால் கழுவியதற்கே, குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய காவலரைக் கூடவே அனுப்பினார்கள். வெளிநாடுகளில் படித்துப் பெரிய பட்டங்கள் வாங்கி, வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்தவருக்கே ஒரு நாள் சுற்றுலாவில் இதுதான் கிடைத்தது.

நடக்கவும் ஏறவும் கிடைத்த உரிமை

நாம் இன்றைக்கு ரயிலேறுவதும் அருவியில் குளிப்பதும் தானாக வந்தவை அல்ல. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தெருவில் நடக்கவே சட்டமன்றத்தில் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் தொடங்கியது.

நம் மாவட்டம் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. தனியார் பஸ்களில் ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகே பஸ் கதவு திறந்தது. ஏறிய பிறகும் உட்கார முடியாத நிலை பல வழித்தடங்களில் வெகுகாலம் இருந்தது. இருக்கை காலியாக இருந்தாலும் தன் அய்யா கம்பியைப் பிடித்து நின்றே வந்ததை அம்மா பார்த்திருக்கிறார்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடை, உணவகம், பொழுதுபோக்கு இடம் இவற்றுக்குள் நுழைவதையும், அரசு நிதியில் நடக்கிற அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், நீராடும் துறை, சாலை இவற்றைப் பயன்படுத்துவதையும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது நீர்நிலையையோ பொது வாகனத்தையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதைத் தடுப்பது, பொது இடத்தில் செருப்போ புது உடுப்போ அணிவதைத் தடுப்பது எல்லாம் அதில் தண்டனைக்குரிய குற்றங்கள். புதுத் துணி போட்டுக்கொண்டு போகிற உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அது யாருக்கு மறுக்கப்பட்டது என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால், "தாகமில்ல" என்று சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமாகாது. அதற்கு வழக்குப் போட முடியாது; போடவும் வேண்டாம். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அம்மா மறைத்ததைக் கோழைத்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அடி வாங்கியவருக்குத்தான் அடியின் வலி தெரியும். பேரப்பிள்ளைகளின் ஒரு நாள் சந்தோஷத்தைக் காப்பாற்ற அவர் அப்படிச் செய்தார். மகள் மறைக்காதது வீரமும் அல்ல. அவளுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நிலை ஒரு பிள்ளைக்கு வாய்க்க மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பது இடையில் நிற்கிற எங்கள் தலைமுறையின் வேலை. அன்றைக்கு ரயிலில் நாங்கள் அந்த வேலையில் தவறினோம். அடுத்த முறை யாராவது தெருவைக் கேட்டால், மகளுக்கு முன்னால் நாங்கள் பதில் சொல்லிவிட வேண்டும்.

பார்க்கப் போவோம்

நம் வீடுகளில் சுற்றுலா என்றாலே வீண் செலவு என்கிற பேச்சு இருக்கிறது. கையில் காசில்லாதது உண்மை. ஆனால் பெரிய செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. பாசஞ்சர் ரயிலும் கட்டுச்சோறும் போதும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு அம்மா பக்கத்து ஊரில் இருக்கிற தன் தங்கையைப் பார்க்க மாதம் இரண்டு தடவையாவது போய் வருகிறார். காரணம் கேட்டால், "சும்மாதான்" என்கிறார். அந்தச் சொல் அவர் வாயில் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது.

சென்னைக்குப் போகிறவர்கள் கிண்டியில் சிறுவர் பூங்காவைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே காந்தி மண்டப வளாகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ரெட்டமலை சீனிவாசனுக்கும் அயோத்திதாசப் பண்டிதருக்கும் அங்கே மண்டபங்கள் இருக்கின்றன. மான் பார்த்த கண்ணோடு அவர்களையும் பார்த்துவிட்டு வரட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வருகிற விடுமுறையில் உங்கள் அப்பத்தாவிடம், அம்மாச்சியிடம், தாத்தாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதன்முதலில் பஸ் ஏறியது எப்போது? அதில் உட்கார்ந்தீர்களா, நின்றீர்களா? வழியில் தாகம் எடுத்தால் எங்கே தண்ணீர் குடித்தீர்கள்? அவர்கள் சொல்கிற சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். புத்தகத்தில் வராத நம் மாவட்ட வரலாறு அந்த நோட்டில் இருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு அடுத்து கடல் பார்க்க வேண்டுமாம். தூத்துக்குடியா, ராமேஸ்வரமா என்று பிள்ளைகள் இப்போதே சண்டை போடுகிறார்கள். "இந்தத் தடவ கேன் வேண்டாம் அப்பத்தா, கனமா இருக்கு" என்றான் சின்னவன்.

"ரெண்டும் வேணும்" என்றார் அம்மா. "ஒன்னு நமக்கு. ஒன்னு, வண்டியில யாரு பிள்ளையாச்சும் கேட்டா கொடுக்க."